பதினோரு கலேடியங்களும் மூன்று கையெழுத்துகளும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கடைப்பிடித்த நடைமுறையில் ஒரு பிழையும் இல்லை. செடிகள்தான் நடைமுறையைப் படிக்காமல் நடந்துகொண்டன. இதை என் மனைவி கோமதி ஏற்க மாட்டாள். என் மகள் ஏற்க மாட்டாள். நாகர்கோவிலில் இருக்கும் ஸ்டெல்லா என்கிற அம்மையார் என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். இருந்தாலும் சொல்கிறேன், அப்படி ஒரு மார்கழி மறுபடி வந்தால் மறுபடியும் அதையேதான் செய்வேன். (இந்த வரி கோமதி கண்ணில் படாமல் இருப்பது நல்லது.)

நெய்வேலியில் முப்பத்து நான்கு வருடம் ஸ்டோர்ஸில் வேலை பார்த்தவன் நான். சுரங்கத்தில் மண்ணைத் தோண்டும் ராட்சத இயந்திரத்தின் பல் முதல் மேஜைக் குண்டூசி வரை எதுவானாலும் என் கையெழுத்தைத் தாண்டித்தான் உள்ளே வரும், வெளியே போகும். எந்தப் படிவம் எந்த நிறம், எதற்கு எத்தனை நகல், யார் லீவில் இருந்தால் அவருக்குப் பதில் யார் கையெழுத்துப் போடலாம், எல்லாம் எனக்கு மனப்பாடம். கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்தால்கூட முதலில் கடைசி வரியில் நகல் யார் யாருக்கு என்று தேடுவேன். அப்படிப்பட்டவனிடம் முப்பத்தேழு பூந்தொட்டிகளை ஒப்படைத்துவிட்டுப் போனது கோமதி செய்த தவறு. அந்தக் கோணத்தில் இதுவரை யாரும் விசாரிக்கவில்லை.

அந்தத் தொட்டிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். டவுன்ஷிப்பில் எல்லா மாவட்டத்துக்காரர்களும் உண்டு. ரிடையர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு அவரவர் ஊருக்குக் கிளம்புவார்கள். லாரியில் பீரோ ஏறும், கட்டில் ஏறும், கிரைண்டர்கூட ஏறும். பூந்தொட்டி மட்டும் ஏறாது. "நீ வச்சிக்கோ" என்று பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போவார்கள். எங்கள் பிளாக்கில் கடைசிவரை இருந்தவள் கோமதி. அதனால் பிளாக் முழுவதற்கும் அவள்தான் வாரிசு. நாங்களும் ஒரு நாள் காலி செய்து, டவுன்ஷிப்பின் நுழைவாயிலான ஆர்ச் கேட்டுக்கு வெளியே கட்டிய வீட்டுக்கு வந்தபோது, லாரியில் முதலில் ஏறியவை அந்தத் தொட்டிகள். என் புத்தக அலமாரி இரண்டாவது நடையில் வந்தது.

ஆந்தூரியம், குரோட்டன்ஸ், அடீனியம் என்று பலவும் இருந்தாலும் கோமதியின் செல்லங்கள் பதினோரு கலேடியங்கள். சேப்பங்கிழங்குக்கு ஒரு தங்கை பிறந்து, அவள் அலங்காரப் பிரியையாகவும் வளர்ந்தால் எப்படி இருப்பாள்? அதுதான் கலேடியம். அகன்ற இலையில் சிவப்பும் வெள்ளையும் ரோஸும் அள்ளித் தெளித்தது போல இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு தோழி விட்டுப்போனது. தொட்டியின் மேல் வெள்ளை பெயின்டில் பேரெழுதி வைத்திருந்தாள்: நாகர்கோவில் ஸ்டெல்லா, காரைக்குடி மீனாட்சி, தேனி சரஸ்வதி. மற்றவர்கள் அவரவர் ஊரில் சௌக்கியமாக இருக்கிறார்கள். சரஸ்வதி மட்டும் இரண்டு வருடங்களுக்கு முன் காலமாகிவிட்டார். அந்தத் தொட்டியைக் கோமதி தன் கையால்தான் நகர்த்துவாள், என்னைத் தொட விடமாட்டாள்.

கார்த்திகையில் மகளுக்குப் பிரசவம். கோமதி பெங்களூர் கிளம்பினாள். பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் அவளுக்குச் செடி ஞாபகம் வந்தது.

"தண்ணிய கொறச்சு ஊத்துங்க. பனி நேரம், தெனம் ஊத்துனா வேர் அழுகிடும். ஆந்தூரியத்த சுவரோரமா தள்ளி வைங்க. அப்புறம் அந்தக் கலேடியம் இருக்கே..."

"இரு, இரு. வாய்மொழி உத்தரவெல்லாம் செல்லாது. எழுதிக் கொடு."

"என்னது?"

"எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டுக் கொடு. நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா யார் பொறுப்பு?"

கோமதி என்னை ஒரு பார்வை பார்த்தாள். "எழுதிக் குடுக்க நான் என்ன உங்க ஹெட் கிளார்க்கா? நீங்களே எழுதிக்கோங்க!" என்றாள். பஸ் கிளம்பிவிட்டது. கலேடியத்தைப் பற்றி அவள் சொல்ல வந்த அந்த ஒரு வாக்கியமும் அவளோடு பெங்களூர் போய்விட்டது.

எழுதிக்கொள்ளச் சொன்னாள் அல்லவா? எழுதினேன். 'குளிர்பருவத் தொட்டிப் பராமரிப்பு நடைமுறை', நான்கு பக்கம், இரண்டு இணைப்புகள். எங்கள் ஊரில் குளிர் என்பது பெரிய விஷயமில்லை. பாதரசம் இருபதைத் தொட்டாலே மங்கி குல்லாவும் மஃப்ளருமாகத் தெரு முழுவதும் கொள்ளைக் கூட்டம் போல ஆகிவிடும், அவ்வளவுதான். ஆனால் அந்தச் செடிகள் எல்லாம் வெப்ப நாட்டுப் பிறவிகள். குல்லா போட்டுக்கொள்ள வழியில்லாதவை. ஆகவே ஆந்தூரியத்தைச் சுவரோரம் நகர்த்தினேன். பனியோடு இலையில் படியும் தூசியை ஈரத்துணியால் துடைத்தேன். விரலை மண்ணில் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் காலை எட்டு மணிக்கு மேல் தண்ணீர். தொட்டிக்கு ஒரு பக்கம் என்று பதிவேடு. குரோட்டன்ஸ் பளபளத்தது. ஆந்தூரியம் மார்கழியிலும் ஒரு பூ வைத்தது. (இதைக் குடும்பத்தில் யாரும் பேசுவதில்லை.)

கலேடியம் மட்டும் ஒத்துழைக்கவில்லை. மார்கழி பிறப்பதற்குள் ஸ்டெல்லா இரண்டு இலைகளை உதிர்த்தாள். மறுநாள் மீனாட்சி. பிறகு வரிசையாக எல்லோரும். இலை மஞ்சளாகி, மடங்கி, கந்தல் துணி போல மண்ணில் படுத்துவிடும். தண்ணீரைக் கூட்டினேன். பலன் இல்லை. வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றினேன். வெயிலுக்கு நகர்த்தினேன். நிழலுக்கு நகர்த்தினேன். இடுப்பு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். மார்கழி முடிவதற்குள் பதினோரு தொட்டியும் வெறும் மண்ணாக நின்றன.

கோமதிக்குப் போன் செய்து கேட்டிருக்கலாமே என்று பிற்பாடு எல்லோரும் கேட்டார்கள். பதில் சொல்கிறேன். நான்கு பக்க நடைமுறையில் அப்படி ஒரு பிரிவு இல்லை. எழுதியவனே மீறலாமா?

ஆனால் வேறொரு நடைமுறை இருந்தது. ஸ்டோர்ஸில் ஒரு பொருள் பயனற்றுப் போனால், ஒரு காலை இழந்த ஸ்டூலாகவே இருந்தாலும், இஷ்டத்துக்குத் தூக்கிப் போட்டுவிட முடியாது. மூன்று பேர் கொண்ட குழு கூடி, பார்வையிட்டு, கையெழுத்திட வேண்டும். அதற்குப் பெயர் கண்டம் செய்வது. நான் கண்டம் செய்த ஜீப்புகளை வரிசையாக நிறுத்தினால் பக்கத்துக் கிராமமான முத்தாண்டிக்குப்பம் வரை போகும். பதினோரு தொட்டிச் செடி எனக்கு எம்மாத்திரம்?

குழு கூடியது. ஒருவர் நான். இரண்டாமவன் மரியசெல்வம், சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பராமரித்தவன், எதையும் தட்டிப் பார்த்துச் சத்தத்தைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்பவன். மூன்றாமவன் குப்புசாமி, பாதுகாப்புப் பிரிவு. வாழ்நாள் முழுவதும் எல்லாக் கோப்பிலும் 'உடன்படுகிறேன்' என்று எழுதி உடம்பைக் காப்பாற்றிக்கொண்டவன். காலை பத்து மணிக்கு இருவரும் வந்தார்கள். வாழைக்காய் பஜ்ஜி நானே போட்டிருந்தேன்.

"என்னடா இது, வெறும் மண்ணு? செடி எங்க?" என்றான் மரியசெல்வம்.

"செடி இல்லை. அதனாலதான் கூப்பிட்டேன்."

"செடியே இல்லன்னா எதைடா கண்டம் பண்றது?"

"இருந்தா ஏண்டா கண்டம் பண்ணப் போறோம்?"

அவன் யோசித்தான். நியாயம்தான் என்று பட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு தொட்டியையும் ஸ்பூனால் தட்டிக் காதை வைத்துக் கேட்டான். "பேரிங் போச்சு" என்றான்.

குப்புசாமிக்கு மட்டும் ஒரு தயக்கம். "எதுக்கும் ஒரு மாசம் பாக்கலாமாப்பா? கோமதி தங்கச்சி வந்து கேட்டா?"

"பஜ்ஜி ஆறுது குப்பு" என்றேன். உடன்பட்டான்.

சான்றிதழை நானே தயாரித்தேன். வரிசை எண், பெயர், நிலை. ஸ்டெல்லா: உயிரில்லை. மீனாட்சி: உயிரில்லை. சரஸ்வதி: உயிரில்லை. இப்படிப் பதினொன்று. கீழே, 'மேற்கண்டவை உயிரற்றவை என மூவர் குழு சான்றளிக்கிறது. அப்புறப்படுத்தலாம். இவற்றின் மீது இனி எக்காலத்திலும் எந்த உரிமையும் கோரப்படாது.' கடைசி வாக்கியம் என் சொந்தச் சேர்க்கை. படித்துப் பார்த்தபோது அழகாக இருந்தது. மூன்று நகல் எடுத்து மூவரும் கையெழுத்திட்டோம்.

தொட்டிகள் நல்ல நிலையில் இருந்ததால் அவற்றைக் கண்டம் செய்யவில்லை. மண்ணை மட்டும் ஒவ்வொரு தொட்டியாகச் சாக்கில் கொட்டினோம். எலுமிச்சை அளவில் கிழங்குகள் உருண்டு விழுந்தன. கண்டம் செய்த பொருளுக்கு அடையாள அட்டை கட்டாயம் என்பதால், ஒவ்வொன்றிலும் பேரெழுதிக் கட்டினேன். கட்டி முடிக்கும்போது அஞ்சலை வந்தாள். முத்தாண்டிக்குப்பத்திலிருந்து வாரம் இரண்டு நாள் கீரைக் கூடையோடு வருபவள். ஒரு கிழங்கை எடுத்துக் கட்டை விரலால் அழுத்தினாள்.

"சார், இது சாவலிங்க."

"அஞ்சலை, இது குழுவின் முடிவு."

"குழு கெடக்கட்டும் சார். கல்லாட்டம் இருக்குது பாருங்க. செத்த கெழங்கு கொழகொழன்னு பூடும். இது ஒறங்குது. பனி போயி வெயிலு ஏறுனா தானா எந்திரிக்கும். எங்க வூட்டாண்ட சேனை, கருணையெல்லாம் இப்பிடித்தான் கெடக்கும்."

"மூணு பேர் பரிசோதிச்சிருக்கோம்."

"தோண்டிப் பாத்தீங்களா?"

"தோண்டறது நடைமுறையில இல்லை."

அவள் மரியசெல்வத்தைப் பார்த்தாள். அவன் பஜ்ஜியைப் பார்த்தான். "அப்ப எனக்குக் குடுங்க, எடுத்துக்கினு போறேன்" என்றாள். கொடுத்தேன். சும்மா கொடுப்பேனா? மூன்றாவது நகலை அவள் கையில் கொடுத்து, என் நகலில் 'பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்து வாங்கினேன். எட்டாவது வரை படித்தவள், அழகாகப் போட்டாள்.

அதோடு முடிந்திருக்கும். மரியசெல்வம் அந்தச் சான்றிதழைப் படம் பிடித்து ஓய்வு பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட்டான். 'நம்ம ஸ்டோர்ஸ் சார் இன்னும் டூட்டியில் இருக்கிறார்' என்று ஒரு வரி வேறு. நாகர்கோவிலில் ஸ்டெல்லாவின் கணவர் அதைப் பார்த்து மனைவியிடம் காட்ட, அந்த அம்மாள் தன் பேருக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டுப் பெங்களூருக்குப் போன் போட்டிருக்கிறார். அன்று மத்தியானமே கோமதி என்னைக் கூப்பிட்டாள்.

"என்னங்க, கலேடியத்த என்ன பண்ணீங்க?"

"கண்டம்."

"சரஸ்வதி தொட்டி?"

"பதினொன்றும்."

பின்னால் குழந்தை அழுதது.

"கெழங்கெல்லாம் எங்க?"

"அஞ்சலைகிட்ட. ரசீது இருக்கு."

போனை வைத்துவிட்டாள். பெரிய பெரிய அதிகாரிகள் என்னிடம் கத்தியிருக்கிறார்கள், கோப்பை வீசியிருக்கிறார்கள். அதற்கெல்லாம் பதில் கடிதம் எழுதலாம். வைத்த போனுக்கு என்ன எழுதுவது?

மாலையில் மகள் பேசினாள். "அப்பா, அம்மா சாப்பிடல. கலேடியம் குளிருக்குத் தூங்குமாம்ப்பா. வருஷா வருஷம் இலை விழுந்ததும் தண்ணிய நிறுத்திட்டு அம்மா ஓரமா எடுத்து வெச்சிடுவாங்க. மாசியில மறுபடி வரும். மத்த பத்துக்கும் அவங்கவங்ககிட்ட வேற கிழங்கு கேட்டு வாங்கிக்கலாம், சரஸ்வதி அத்தைகிட்ட யார் போய்க் கேக்கறதுன்னு அழறாங்க. இத்தனை வருஷம் அதே வீட்டுலதானே இருந்தீங்க, ஒரு தடவகூடப் பாக்கலியா?"

பார்க்கவில்லை. வீட்டுத் தொட்டிகள் என் அதிகார வரம்புக்குள் வரவில்லை.

அஞ்சலையிடம் அடுத்த வாரமே திரும்பக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் தவறை ஒப்புக்கொண்டதாகும். அவளோ கூடையை இறக்கும்போதெல்லாம், "சார், ஒங்க பொணமெல்லாம் சௌக்கியமா இருக்குது" என்று ஒரு தகவல் சொல்வாள். நான் முருங்கைக்கீரையை மட்டும் வாங்கிக்கொண்டு உள்ளே போவேன். போனால் உட்கார முடியாது. கழுவிக் கவிழ்த்து வைத்த பதினோரு தொட்டிகளும் கூடத்திலிருந்து பார்த்தால் தெரியும். நாற்காலியை மறுபக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.

மாசியில் கோமதி வந்தாள். காலியான தொட்டிகளைச் சுற்றி வந்தாள். சரஸ்வதி என்று எழுதியிருந்ததை நிமிர்த்தி வைத்தாள். காபி போட்டாள், குடித்தாள், டம்ளரைக் கழுவினாள். பிறகு முதல் வார்த்தை பேசினாள்: "வண்டிய எடுங்க."

முத்தாண்டிக்குப்பம் போகும்வரை ஸ்கூட்டரின் பின்னால் ஆள் இருக்கிறதா என்பதே தெரியவில்லை. இரண்டு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.

அஞ்சலை வீட்டில் மாட்டுக்கொட்டகைச் சுவரோரம், பலா மர நிழலில், பழைய பெயின்ட் டப்பாக்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் மேலும் நான் கட்டிய அட்டை. மண்ணைப் பிளந்துகொண்டு ரோஸ் நிறத்தில் முளைகள், சுருட்டிய பீடி மாதிரி. ஒன்று இலையே விரித்திருந்தது.

"வாங்கம்மா. இதோ ஸ்டெல்லாக்கா, இது மீனாட்சியக்கா" என்று அஞ்சலை அறிமுகம் செய்தாள். கோமதி ஒவ்வொரு அட்டையாகப் படித்துக்கொண்டே போய்க் கடைசி டப்பா முன் குந்தி உட்கார்ந்தாள். தேனி சரஸ்வதி. வெறும் மண்.

பத்து முளைத்திருந்தது. அது முளைக்கவில்லை.

"சிலது மெதுவா எந்திரிக்குங்கம்மா" என்றாள் அஞ்சலை. "நேத்து கூட நோண்டிப் பாத்தேன். கல்லாட்டம்தான் இருக்குது."

சூழ்நிலையைச் சமாளிக்க வேண்டிய பொறுப்பு எனக்கு இருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, "அஞ்சலை, இதெல்லாம் தவறுதலா வெளியே வந்த பொருள். நாங்க எடுத்துக்கிறோம்" என்றேன்.

அவள் உள்ளே போனாள். ரேஷன் கார்டு வைக்கும் பிளாஸ்டிக் உறையோடு வந்தாள். அதிலிருந்து என் மூன்றாவது நகலை எடுத்து விரித்து, எழுத்துக் கூட்டி வாசித்தாள்: "இனி... எக்காலத்திலும்... எந்த உரிமையும்... கோரப்படாது. இது ஒங்க கையெழுத்துதான சார்?"

"ஆமாம், ஆனா..."

"செத்துப்போச்சுன்னு மூணு பேரு எழுதிக் குடுத்துட்டு, இப்ப உசுரோட திருப்பிக் கேக்கறீங்களே! நான் அப்பவே சொன்னனா இல்லியா? சாணி போட்டு, மண்ணு மாத்தி, ஆடு வாய் வெக்காம முள்ளு வெச்சிக் காப்பாத்தினது யாரு?"

அந்த வாசகத்தில் ஓட்டை இருக்கிறதா என்று மனதுக்குள் ஒரு முறை படித்துப் பார்த்தேன். இல்லை. அவ்வளவு இறுக்கமாக எழுதியிருந்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, அந்த நிமிடத்தில் எனக்கு முதலில் வந்தது பெருமை.

கோமதி எழுந்தாள். என் பக்கம் பேசுவாள் என்று நினைத்தேன்.

"அவ சொல்றதுதான் சரி" என்றாள். "நீங்க சாகடிச்சீங்க, அவ காப்பாத்துனா. அவளோடதுதான். அஞ்சலை, நான் அப்பப்ப வந்து பாத்துட்டுப் போலாமா?"

"எப்ப வேணா வாங்கம்மா. சாரு வேணா வெளியவே நிக்கட்டும்."

அப்படித்தான் நடந்தது. அன்றிலிருந்து வாரம் ஒரு நாள் நான் ஸ்கூட்டர் ஓட்டினேன். கோமதி உள்ளே போய்ச் சரஸ்வதியின் மண்ணைத் தொட்டுப் பார்ப்பாள். நான் வேலிக்கு வெளியே முந்திரி மரத்தடியில் நிற்பேன். ஒவ்வொரு முறையும் அவள் திரும்பி வரும்போது முகத்தைப் பார்ப்பேன், பார்க்காதது போல வண்டியை உதைப்பேன். மாசி முடிந்தது. ஐந்தாவது வாரம் எனக்கே பொறுக்காமல், அவளிடம் கேட்காமலேயே வண்டியைத் துடைத்துக் காலையிலேயே வாசலில் நிறுத்தினேன். என் பதிவேட்டின் கணக்குப்படி அந்தக் கிழங்குக்குத்தான் நான் அதிகம் தண்ணீர் ஊற்றியிருந்தேன். கோமதி தொட விடமாட்டாள் என்பதால், அவள் இல்லாதபோது அதைத்தான் கூடுதல் அக்கறையோடு கவனித்தேன். இதை அவளிடம் இன்றுவரை சொல்லவில்லை.

பங்குனியில் ஒரு நாள் காலை அஞ்சலை போன் செய்தாள். எடுத்தது நான்.

"சார், அம்மாவாண்ட சொல்லுங்க. தேனிக்காரம்மா எந்திரிச்சிட்டாங்க."

அந்த முதல் நாளுக்குப் பிறகு இப்போதுதான் நான் வேலிக்கு உள்ளே அனுமதிக்கப்பட்டேன். மற்றவை முழங்கால் உயரம் நிற்க, அந்த டப்பாவில் ஒரு முளை, அரை விரல் அளவு. கோமதி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அஞ்சலை அந்த டப்பாவைத் தூக்கி அவள் கையில் வைத்தாள். "இத மட்டும் எடுத்துக்கினு போங்கம்மா. மத்ததெல்லாம் இங்கியே இருக்கட்டும், குட்டி வெச்சா தர்றேன்." என் பக்கம் திரும்பினாள். "சார், மொதல்ல ஒரு கடுதாசி குடுங்க. அந்தப் பழைய கடுதாசி தப்புன்னு."

"தப்புன்னு எழுத முடியாது" என்றேன். "தற்போதைய நிலையை எழுதலாம்." எழுதினேன். தேனி சரஸ்வதி: உயிருடன் உள்ளது. கையெழுத்துப் போட்டுவிட்டு அந்த ஒரு வரியை இரண்டு முறை படித்துப் பார்த்தேன். சரிபார்ப்பது நடைமுறை.

இது நடந்து மூன்று குளிர்காலம் ஆகிவிட்டது. மகள் குடும்பத்தோடு வந்தால் சாப்பாட்டுக்கு முன் இந்தக் கதை, சாப்பாட்டுக்குப் பின் மறுபடி இந்தக் கதை. மார்கழிக் காலையில் நான் போர்வைக்குள்ளிருந்து எழுந்திருக்கக் கொஞ்சம் தாமதமானால் போதும், கோமதி கட்டிலோரம் வந்து என் கையைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, சமையலறைப் பக்கம் திரும்பி மகளுக்குக் குரல் கொடுப்பாள்: "கல்லாட்டம்தாண்டி இருக்கு. எதுக்கும் மரியசெல்வத்தையும் குப்புசாமியையும் கூப்பிடு, கையெழுத்த வாங்கிடலாம்."

வீடே சிரிக்கும். நான் அசைவதில்லை. குப்புசாமி போன வருடம் மகனோடு ஓசூருக்குப் போய்விட்டான். குழுவில் ஒரு ஆள் குறைகிறது. மூன்றாவது கையெழுத்து கிடைக்கும்வரை என்னைக் கண்டம் செய்ய எவராலும் முடியாது என்று போர்வைக்குள்ளிருந்தபடியே தெரிவித்துக்கொள்கிறேன்.